சட்டைப்பைக்குள் ஒரு துப்பாக்கி

2008இல் ரூகர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த எல்.சி.பி. கைத்துப்பாக்கி, குண்டுகள் இல்லாமல் 300 கிராமுக்கும் குறைவு. சட்டைப்பையில் கிடந்தால் கைபேசி என்றே தோன்றும். இத்தகைய சிறு துப்பாக்கிகளுக்கு நியூயார்க் மாநிலம் 1911இலேயே உரிமத்தைக் கட்டாயமாக்கியது. மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் பெறத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்ற அதன் நிபந்தனையை, 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. இன்று அந்நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே தேவையில்லை.

நள்ளிரவில் வேலை முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்ணின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். தற்காப்பு வாதத்தின் வலு அங்கேதான் இருக்கிறது. ஆனால், எவரிடமும் ஆயுதம் இருக்கலாம் என்றாகிவிட்டால், எல்லோரும் ஐயத்துக்குரியவர்களே. அந்த ஐயம் எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதுமில்லை.

2016இல் மினசோட்டாவில் காவலர் ஒருவர் காரை நிறுத்தியபோது, கறுப்பினத்தவரான பிலாண்டோ காஸ்டில் தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமாகவே தெரிவித்தார். முறையான உரிமம் பெற்றிருந்தவர் அவர். சில நொடிகளில் சுடப்பட்டு உயிரிழந்தார். மறு ஆண்டு அந்தக் காவலர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.