உதவி பத்திரப்பதிவு அன்றே வரட்டும்

மாதம் 45,000 ரூபாய் வருமானமுள்ள ஒரு குடும்பம், கூடுவாஞ்சேரியிலோ ஆவடியிலோ 28 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி 25 லட்சம் கடன் தரத் தயார். எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 21,700 ரூபாய். இப்போது 12,000 ரூபாய் வாடகை கொடுத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதம் 8,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும் குடும்பம் அது. இரண்டையும் கூட்டினால் தவணைத் தொகையை நெருங்கிவிடுகிறது. கட்டிவிட முடியும்.

ஆனாலும் அந்தக் குடும்பத்தால் வீடு வாங்க முடிவதில்லை. கடன் போக மிச்சம் 3 லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்குத் தமிழகத்தில் 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது 1,68,000 ரூபாய். கட்டுமானம் முடியாத வீடென்றால் ஜி.எஸ்.டி. 1 சதவீதம், 28,000 ரூபாய். ஆக 4,96,000 ரூபாய். வக்கீலின் லீகல் ஒப்பீனியன், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், கடனுக்காகப் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைக்கும் எம்.ஓ.டி. பதிவு, மின் இணைப்பு என்று சில்லறைச் செலவுகளைச் சேர்த்தால் 5 லட்சத்தைத் தாண்டிவிடும். மாதம் 8,000 வீதம் இதைச் சேர்க்க ஐந்து ஆண்டுக்கு மேலாகும். அதுவரை 28 லட்ச ரூபாய் வீடு அதே விலையில் காத்திருக்காது.

இதற்கு வங்கிகளைக் குறைசொல்லிப் பயனில்லை. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளைத் தவிர மற்றவற்றுக்கு முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் அந்த மதிப்பில் சேர்க்கவும் கூடாது. கண்மூடித்தனமாகக் கொடுத்த வீட்டுக் கடன்கள் 2008இல் அமெரிக்காவை எங்கே கொண்டுபோய் விட்டன என்பதைப் பார்த்த பிறகு, இந்த விதியைத் தளர்த்துமாறு யாரும் கேட்க முடியாது. கேட்கவும் வேண்டாம்.

விதி கேட்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கவலை. அமைப்புசார்ந்த வேலையில் இருப்பவர் பி.எஃப். பணத்தை எடுக்கிறார். மற்றவர்கள் நகையை அடகு வைக்கிறார்கள், சீட்டைத் தள்ளி எடுக்கிறார்கள், பர்சனல் லோன் வாங்குகிறார்கள். அதுவும் போதாதபோது கந்துவட்டிக்காரரிடம் போகிறார்கள். வங்கியின் ஏட்டில் ஒரு கடன்தான் இருக்கிறது. குடும்பம் மூன்று கடனைச் சுமக்கிறது. வாங்குபவரின் சொந்தச் சேமிப்பை உறுதிசெய்யப் போட்ட விதி, அவரை வட்டி கூடுதலான இன்னொரு கடனுக்குள் தள்ளுகிறது.

அரசுகள் உதவவில்லையா என்றால், உதவுகின்றன. 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0 ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடிக் குடும்பங்களை எட்டும் இலக்கு கொண்டது. அதன் வட்டி மானியப் பிரிவில் ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்கள், 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு, 25 லட்சம் வரை கடன் வாங்கியிருந்தால் பயன்பெறலாம். முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய். அந்தத் தொகை ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்குக்குப் போகும். அதாவது, முன்பணத்தை எப்படியோ புரட்டி, பத்திரம் முடித்து, கடனும் வாங்கியவருக்குத்தான் உதவி வருகிறது. புரட்ட முடியாமல் வெளியே நிற்பவருக்கு அந்த 1.80 லட்சம் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. மாநில அரசு 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்தது நல்ல நடவடிக்கை. சிற்றூரில் மனை வாங்குபவருக்கு அது பயன்படும். சென்னை, கோவைப் புறநகரில் ஃபிளாட் தேடுபவருக்கு எட்டாது.

எனவே நமது கோரிக்கை இதுதான்: முதல் வீடு வாங்கும் எளிய வருமானக் குடும்பத்துக்கு, அரசின் உதவி கடனுக்குப் பிந்தைய மானியமாக அல்லாமல், பத்திரப்பதிவு நாளில் முன்பணமாக வர வேண்டும்.

இது தமிழகத்துக்குப் புதிய சிந்தனை இல்லை. 1977இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளிலும், பின்னர் முகப்பேரிலும் அடிப்படை வசதிகளோடு சிறு மனைகள் பிரிக்கப்பட்டன. ஏழைக் குடும்பங்களிடம் சிறு தொகையை முன்பணமாகப் பெற்று, மீதியைத் தவணையில் வாங்கினார்கள். பெரிய மனைகளையும் வணிக மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்றுச் சிறு மனைகளின் விலையைக் குறைத்தார்கள். ஒரு காலத்தில் தோல்வி என்று ஒதுக்கப்பட்ட அந்தத் திட்டத்தை, உலக வங்கி ஆய்வாளர்களே பின்னாளில் திரும்ப ஆராய்ந்து, பல வருமானப் பிரிவினரும் கலந்து வாழும் குடியிருப்புகளாக அவை வளர்ந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். இன்றும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தன் உறுப்பினருக்கு வீடு கட்டவோ, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு பெறவோ 4 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஒரு தொழிலுக்கு முடிந்தது, தையல் கூடத்திலும் தனியார் மருத்துவமனையிலும் வேலை செய்பவர்களுக்கு முடியாதா?

வெளிநாட்டு முன்னுதாரணமும் உண்டு. சிங்கப்பூரில் முதன்முறை வீடு வாங்கும் குடும்பங்களுக்கான மானியம் 2024 ஆகஸ்டில் அதிகபட்சம் 1,20,000 வெள்ளியாக உயர்ந்தது. வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். தொகை வாங்குபவரின் மத்திய சேமநிதிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, வீட்டின் விலைக்கே போகிறது. வீட்டை விற்றால் அது வட்டியோடு அதே கணக்குக்குத் திரும்ப வேண்டும்.

எதிர்வாதங்கள் வலுவானவை. முன்பண உதவி விலையை ஏற்றிவிடும் என்பது முதலாவது. இங்கிலாந்தில் 2013 முதல் 2023 வரை, புது வீட்டு விலையில் 20 சதவீதத்தை, லண்டனில் 40 சதவீதம் வரை, அரசே பங்குக் கடனாகக் கொடுத்தது. தட்டுப்பாடு மிகுந்த பகுதிகளில் மானியத்தைவிட விலை அதிகம் ஏறியது என்று பிரபுக்கள் சபைக் குழுவே 2022இல் சொன்னது. அமெரிக்க அனுபவம் இன்னொரு பாடம். அங்கே விற்பவரே ஒரு தொண்டு நிறுவனம் வழியாக வாங்குபவருக்கு முன்பணம் கொடுத்து, அதை வீட்டு விலையில் ஏற்றிக்கொண்டார். அந்தக் கடன்கள் மற்றவற்றைவிட அதிகமாக வாராக்கடன் ஆயின. அரசுக் காப்புறுதி பெற்ற கடன்களில் அந்த முறையை 2008இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

ஆகவே உதவிக்கு வரம்புகள் வேண்டும். ஆண்டு வருமானம் 6 லட்சத்துக்குள், வீட்டு விலை 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பில்டர் இதில் எந்த வகையிலும் இடைத்தரகராகக் கூடாது, வங்கியின் டி.டி.யோடு அரசின் தொகையும் பதிவு நாளில் விற்பவருக்கு நேராகப் போக வேண்டும். உதவி 3 லட்சத்துக்கு மேல் வேண்டாம். மீதியைக் குடும்பம் தன் சேமிப்பிலிருந்து கொண்டுவரட்டும். நாம் சொன்ன குடும்பத்துக்கு மீதி ஏறத்தாழ 2 லட்சத்தைச் சேர்க்க இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலம் போதும். வட்டியில்லாத அந்த 3 லட்சம் அரசின் பாத்தியதையாக வில்லங்கச் சான்றிதழில் பதிவாகி, வீட்டை விற்கும்போதோ வங்கிக் கடன் முடிந்த பிறகோ திரும்ப வர வேண்டும். பத்து ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் ஒரு பங்கும் சேர வேண்டும். வீடு ஏலத்துக்குப் போனால் வங்கி எடுத்தது போக மிஞ்சுவதே அரசுக்கு. அந்த இழப்பை எதிர்பார்த்தே நிதி ஒதுக்க வேண்டும்.

தினக்கூலிக் குடும்பங்களுக்கு இந்தத் திட்டம் போதாது என்பதும் உண்மை. மாதத் தவணையே கட்ட முடியாதவர்களுக்கு வாரியக் குடியிருப்புகளும் குறைந்த வாடகை வீடுகளும்தான் வழி. அவற்றுக்கான பணத்தில் கைவைத்து இந்தத் திட்டத்தை நடத்தக் கூடாது.

பணத்துக்கு எங்கே போவது? ஆண்டுக்கு 10,000 குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் என்றால் 300 கோடி ரூபாய். பதிவுத்துறையின் வருவாய் 2023-24இல் 18,000 கோடியைத் தாண்டியது. அதில் நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட இது ஆகாது. வீடும் மனையும் வாங்குபவர்கள் கொடுத்த பணம்தான் அது.

விலையேற்ற அச்சம் இருந்தால், முதல் கட்டத்தை வீட்டு வசதி வாரியத்திடம் விற்காமல் தேங்கிக் கிடக்கும் வீடுகளில் தொடங்கலாம். விலையை வாரியமே நிர்ணயிப்பதால் ஏற்றிவைக்க ஆளில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும் குடியேற ஆள் கிடைக்கும். மாநில அரசு அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கான நிதியை அறிவிக்க வேண்டும். மத்திய அரசு தன் 1.80 லட்ச ரூபாய் மானியத்தை ஐந்து ஆண்டுக்கு இழுக்காமல், விரும்பும் குடும்பங்களுக்குப் பதிவு நாளிலேயே ஒரே தொகையாகத் தர விதியைத் திருத்த வேண்டும். இரண்டாவதற்குப் புது ஒதுக்கீடுகூடத் தேவையில்லை. கொடுக்கும் தேதியை மாற்றினால் போதும்.