வானத்தீவுகளின் பறவைகள்

தீவு என்றவுடன் கடல் சூழ்ந்த நிலமே நினைவுக்கு வரும். மலை உச்சிகளிலும் தீவுகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திற்கு மேல் குளிர்ந்த சோலைக்காடுகள் உள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள வெப்பமான தாழ்நிலங்கள் கடலைப்போல் அவற்றைப் பிரிக்கின்றன. எனவே, அறிஞர்கள் அவற்றை வானத்தீவுகள் என்பர்.

இங்கு மட்டுமே வாழும் சில சிறுபறவைகளுக்கு, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017இல் ‘சோலிகோலா’ என்னும் புதிய பேரினப் பெயரைச் சூட்டினர். ‘சோலை’ என்னும் தமிழ்ச்சொல் அதில் ஒலிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓரினமும் தெற்கே பிற இனங்களும் வாழ்கின்றன.

சிறகுள்ள பறவை வேறிடம் பறந்து செல்லாதா எனச் சிலர் வினவலாம். சோலை நிழலில் தரையருகே இரைதேடும் இப்பறவைகள் வெப்பமான தாழ்நிலத்தைக் கடப்பது அரிது. புவி வெப்பமடையும்போது குளிர்ச்சியை நாடி அவை மேலேறலாம். உச்சிக்கு மேல் இடமேது? பெரு நாட்டு மலையொன்றின் உச்சியில் 1985இல் வாழ்ந்த சில பறவையினங்கள், 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் காணப்படவில்லை.

மரம் நட்டால் போதும் என்று கருதுவதும் பிழையே. சீகை, தைலமரம் போன்ற அயல்மரங்கள் மலைகளில் பெருகியுள்ளன. அவை சோலைக்கு ஈடாகா. ஆதலால், கரியமில வாயுவைக் குறைப்பதோடு நில்லாமல், எஞ்சியுள்ள சோலைகளையும் அவற்றை அடுத்த புல்வெளிகளையும் இன்றே காத்தல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.