மண்வெட்டிக்குப் பிடி மாத்துறவன் கேக்குறேன்

தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கமிருந்து இந்த வலைப்பூவை வாசிக்கிற மக்களே, உங்களோட எனக்கு ஒரு சண்டை இருக்கு.

பிள்ளை காலேஜ் சேர்ந்ததும் கடையில் இருப்பதிலேயே மெல்லிசான லேப்டாப்பை வாங்கிக் கொடுக்கிறீர்கள். நாலு வருஷத்தில் 'ஸ்லோ ஆயிடுச்சு' என்று அதை ஓரங்கட்டிவிட்டு அடுத்தது. அந்த மெல்லிசு ரகத்தில் பலவற்றில் ராம், மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டது. 8 ஜிபி வாங்கினால் ஆயுசுக்கும் 8 ஜிபிதான்.

எங்க ஊர்ல மண்வெட்டிப் பிடி உடைஞ்சா பிடியை மட்டும் மாத்துவோம். கலப்பையில் கொழு தேய்ஞ்சா கொழுவை மட்டும். கிணத்து மோட்டார் புகைஞ்சா காயில் கட்டி மறுபடி இறக்குவோம். 'பாவம், வசதி இல்லை' என்று நினைக்காதீர்கள். அது கணக்கு தெரிந்தவன் செய்கிற வேலை.

அதே கணக்குக்கு ஒத்துவருவது டெஸ்க்டாப். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கம்பெனி கேபினட்டில் இன்னொரு கம்பெனி போர்டு உட்காரும். எஸ்எம்பிஎஸ் போனால் அதை மட்டும் மாற்றலாம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-ல் ரைசன் வாங்கியவர்களில் பலர், பயாஸை அப்டேட் செய்து அதே போர்டில் 2020-ன் ரைசன் 5000 பிராசசரைப் போட்டுக்கொண்டார்கள்.

படிப்பு, எக்செல், ஆன்லைன் வகுப்பு, கொஞ்சம் கோடிங். இதுக்கு எதுக்கு தனி கிராஃபிக்ஸ் கார்டு? உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிற பிராசசர், 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக, பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலியாக, ஒரு எஸ்எஸ்டி. போதும். தேவைப்படும்போது இன்னொரு 8 சொருகிக்கொள்ளலாம்.

இன்னும் மலிவாக வேண்டுமா? அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போங்கள். ஆபீஸ்களில் ஓடிக் கழிந்த டெஸ்க்டாப்கள் அங்கே கிடைக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் அதற்கு முந்தையவை அநேகமாக இல்லை. ரொம்பச் சின்னப் பெட்டியும் வேண்டாம். அதில் எஸ்எம்பிஎஸ், போர்டு எல்லாம் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும், வெளிச் சாமான் பொருந்தாது.

வீட்டில் ஏற்கெனவே பழசு ஒன்று கிடக்கிறதா? 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டார்கள். அதனால் மெஷின் குப்பையாகிவிடாது. எஸ்எஸ்டி மாற்றி லினக்ஸ் போடுங்கள். பாஸ் லினக்ஸ் என்று ஒன்றை உங்கள் சென்னையிலேயே சி-டாக் உருவாக்கியிருக்கிறது.

'கரண்ட் போனா?' என்பீர்கள். கரண்ட் வெட்டைப் பத்தி எனக்கா பாடம்? ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால், செய்த வேலையைச் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும். 'ஃபிளாட்டில் இடமில்லை' என்பீர்கள். பெட்டியை மேசைக்கடியில் வையுங்கள். தினமும் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை என்றால் லேப்டாப் வாங்குங்கள், சண்டையில்லை. ஆனால் வீட்டு மேசையைவிட்டு நகராத லேப்டாப்தான் உங்கள் வீடுகளில் நிறைய.

அடுத்த முறை கடையில் விலை கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: 'அண்ணே, இதைத் திறக்கலாமா? எத்தனை ஸ்லாட் காலி?' பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடைக்கு நடங்கள்.