குறைந்த கட்டணம் யாருக்குக் குறைவு?

பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. ‘பக்கத்துல இருக்கிற காலேஜ்ல சேரு, பஸ் பாஸ் இருக்கு, வீட்டுச் சாப்பாடு இருக்கு’ என்பது ஒன்று. ‘டெல்லிக்குப் போ, ஹைதராபாத்துக்குப் போ, அங்கே கட்டணம் ரொம்பக் குறைவு’ என்பது இன்னொன்று. முதலாவதை ஊரும் உறவும் சொல்கின்றன. இரண்டாவதை வெளிமாநிலம் போய்ப் படித்த என்னைப் போன்றவர்கள் சொல்கிறோம். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதியைச் சொல்ல ஆளில்லாததால், கையில் கிடைத்த இடத்தை முதல் தலைமுறை தலித் மாணவர்கள் விட்டுவிட நேர்கிறது.

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது. 2021-22 கணக்கெடுப்பின்படி நம் சேர்க்கை விகிதம் 47. இந்திய அளவில் 28.4. பிறகு எதற்கு வெளியே போக வேண்டும்? இந்த வளர்ச்சியில் பெரும்பங்கு சுயநிதிக் கல்லூரிகளுடையது. சமூகவியலோ மொழியியலோ படித்து ஆய்வுக்குப் போக நினைக்கும் கூலித் தொழிலாளியின் மகளுக்கு, பேருந்து போகும் தூரத்தில் அந்தப் படிப்பே இருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. ஊரின் சாதி அதே பேருந்தில் ஏறி அதே கல்லூரிக்குத்தான் வருகிறது. கிராமத்தை விட்டு வெளியேறுவதை அம்பேத்கர் விடுதலைக்கான வழிகளில் ஒன்றாகப் பார்த்தார். ஒரு பெண்ணுக்கு அந்த மூன்று வருட தூரம் என்பது, கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும் மூன்று வருடமும்கூட.

ஆகவே போகலாம், போக வேண்டும். எங்கே என்பதில்தான் கவனம் தேவை.

முதலில் பார்க்க வேண்டியது, அது மத்திய நிறுவனமா மாநில நிறுவனமா என்பது. அரசமைப்புச் சட்டத்தின் 341ஆவது பிரிவின்படி பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலவாரியானது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தத் தகுதியைக் கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே நம் எஸ்.சி. சான்றிதழ் பக்கத்து மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழக இடஒதுக்கீட்டில் நமக்கு உதவாது. மத்தியப் பல்கலைக்கழகம் எங்கே இருந்தாலும் 15 விழுக்காட்டில் நமக்கு உரிமை உண்டு. கிறித்தவத்துக்கு மாறிய தலித் குடும்பத்துப் பிள்ளைகள் மத்தியப் பட்டியலில் ஓ.பி.சி. அதற்கு, பள்ளியில் கொடுத்த பி.சி. சான்றிதழ் போதாது, மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். சேர்க்கைக்கு இரண்டு நாள் இருக்கும்போது இ-சேவை மையத்துக்கு ஓடினால் வேலை நடக்காது.

இரண்டாவது பணம். விவரக் குறிப்பேட்டில் அச்சிட்ட கட்டணம் ஒரு கணக்கு. முதல் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கும் பணம் வேறொரு கணக்கு. இடத்தை உறுதிசெய்யும் தொகை, விடுதி முன்பணம், மெஸ் முன்பணம், சென்னையிலிருந்து இரண்டு இரவு ரயில், டெல்லிக் குளிருக்குக் கம்பளி எல்லாம் இதில் வரும். உத்தரப் பிரதேசத்தில் தினக்கூலி ஒருவரின் மகனுக்கு 2024இல் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் கட்ட முடியாமல் அந்த இடம் பறிபோனது. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம்வரை போக முடியாதவர்களின் இடங்கள் சத்தமில்லாமல் அடுத்தவர்களுக்குப் போயிருக்கும்.

இந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலமே அதை வழங்க வேண்டும். ஆனால் விண்ணப்பம் ஒரு மாநிலத்தில், அதைச் சரிபார்க்கும் கல்லூரி இன்னொரு மாநிலத்தில். பணம் வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். அதுவரை கட்டணம் கேட்காமலிருக்க எல்லா நிறுவனங்களும் தயாராக இல்லை. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் இந்த உதவித்தொகை மாணவர்களுக்கான கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டதை எதிர்த்துத்தான் 2018 பிப்ரவரியில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் அரசின் முதல் பட்டதாரி சலுகையோ ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி சேர்பவர்களுக்கானது. மாநில எல்லையைத் தாண்டிய பிள்ளையும் அந்த வீட்டின் முதல் பட்டதாரிதான் என்பது அதன் கணக்கில் வருவதில்லை.

மூன்றாவது விடுதி. படித்துப் பட்டம் பெற்ற அம்பேத்கருக்கே 1917இல் பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கி, தெரிந்ததும் விரட்டப்பட்டார். இன்றும் வெளியூரில் வீடு தேடும்போது ‘என்ன சாப்பிடுவீங்க’ என்ற கேள்விக்குள் சாதிக் கேள்வி இருக்கிறது. வளாக விடுதி உறுதியில்லாத கல்லூரியில் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது நமக்கு மலிவு இல்லை. ஜேஎன்யுவில் 10, 20 ரூபாயாக இருந்த அறை வாடகையை 2019இல் 300, 600 என்று உயர்த்த முயன்றபோது மாணவர்கள் தெருவுக்கு வந்ததை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, அங்கே நம்மவர்கள் யார் இருக்கிறார்கள்? மத்தியப் பல்கலைக்கழகங்கள் சாதி இல்லாத தீவுகள் அல்ல. 2016இல் ஹைதராபாத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2017இல் ஜேஎன்யுவில் படித்த சேலத்து முத்துகிருஷ்ணனை இழந்தோம். அதே ஹைதராபாத்தில் 1993இலிருந்து அம்பேத்கர் மாணவர் சங்கம் இயங்குகிறது. ஜேஎன்யுவில் 2014இலிருந்து பாப்சா இருக்கிறது. கல்லூரியின் தரவரிசையைப் பார்க்கும் அதே கவனத்தோடு இதையும் பார்க்கச் சொல்கிறேன். உதவித்தொகை நிற்கும்போதும், நெறியாளர் முகம் கொடுத்துப் பேசாதபோதும் முதலில் கதவைத் தட்டக்கூடிய அறை சீனியருடையதுதான்.

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: கியூட் தேர்வை எதிர்த்துக்கொண்டே அதை எழுதச் சொல்வதா? 2022 ஏப்ரலில் நம் சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது சரியே. என்சிஇஆர்டி பாடத்திட்டத்தில் நடக்கும் தேர்வு நம் அரசுப் பள்ளி மாணவரைப் பின்தள்ளுகிறது. ஆனால் எதிர்ப்பின் பெயரால் விண்ணப்பிக்காமல் இருந்தால் யாருடைய பிள்ளைகள் விலகுவார்கள்? சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தமிழிலும் எழுதலாம் என்ற தகவல்கூட நம் சேரிகளுக்குப் போய்ச் சேரவில்லை.

இவை தனிமனிதர்களுக்கான வழிகாட்டல் குறிப்புகளாகவே நின்றுவிடக் கூடாது. ஆதிதிராவிடர் நலத்துறை, சேர்க்கைக் கடிதத்தைக் காட்டினால் ஒரு வாரத்துக்குள் முதல் கட்டணத்தையும் பயணச் செலவையும் முன்பணமாகத் தர வேண்டும்; உதவித்தொகை வந்ததும் கழித்துக்கொள்ளட்டும். முதல் பட்டதாரி சலுகை வெளிமாநில அரசு நிறுவனங்களில் சேர்பவர்களுக்கும் நீள வேண்டும். அதுவரை வேலை நம்முடையது. வெளியே படித்தவர்கள் மாவட்டத்துக்குப் பத்துப் பேர் சேர்ந்தால், ஏப்ரலில் சான்றிதழ்களைச் சரிபார்க்கலாம், ஜூலையில் கட்டணக் கெடுவுக்கு ஒரு கைமாற்று நிதி வைத்திருக்கலாம். அம்பேத்கர் பிறந்தநாளுக்கு ஃபிளெக்ஸ் வைக்கும் செலவில் ஒரு மாணவரின் விடுதி முன்பணத்தைக் கட்டிவிடலாம்.