பக்கரிக்கும் ஜஸ்ட், தொக்கொரோவுக்கும் ஜஸ்ட்!

நீளமான பதிவு, கோபத்தில் எழுதுவது. நீங்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நம் பிள்ளைகள் பலர் ஜப்பான் வேலையை நம்பி ஜப்பானிய மொழி படிக்கிறார்கள். 2019-இல் அந்த நாடு தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' விசாவுக்கு ஜே.எல்.பி.டி. என்-4 தேர்விலோ அதற்கு நிகரான அடிப்படைத் தேர்விலோ தேறியிருக்க வேண்டும். என் பழைய மாணவி ஒருத்தியின் மகள் முதியோர் பராமரிப்பு வேலைக்காகப் படிக்கிறாள். அவள் போகும் பயிற்சி நிலையத்தில் தமிழ் பேசத் தடையாம், விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில்தானாம். அவள் நோட்டில் அடுத்தடுத்து இரண்டு வரி: 'பக்கரி – ஜஸ்ட். தொக்கொரோ – ஜஸ்ட்.' அதற்கு மேல் ஒன்றுமில்லை. "ரெண்டும் ஒண்ணுதானா தாத்தா?" என்று கேட்கிறாள்.

ஒன்றில்லை அம்மா. ஒன்றாக இருந்தால் 'மின்னா நோ நிஹொங்கோ' பாடநூலின் 46-ஆம் பாடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதற்காகச் சொல்லித்தர வேண்டும்?

ஒரு வேலை முடிந்த கையோடு அதைச் சொல்வதற்கு ஜப்பானியர்கள் இறந்தகால வினையோடு இந்த இரண்டில் ஒன்றைச் சேர்ப்பார்கள். (தமிழ் எழுத்தில் எழுதுவதால் உச்சரிப்பு முன்னே பின்னே இருக்கும்.) 'தபெத்த' என்றால் சாப்பிட்டேன், சாப்பிட்டான், சாப்பிட்டாள் எல்லாம்தான். திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி அங்கே கிடையாது. 'தபெத்த தொக்கொரோ' என்றால் சாப்பாடு முடிந்த அந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்று பொருள். தொக்கொரோ என்ற சொல்லுக்கே இடம் என்றுதான் அர்த்தம். போனில் கேட்டால் "சாப்பிட்டு இப்பத்தான் கை கழுவுறேன்" என்போமே, அது இது. கடிகாரம் பார்த்துச் சொல்லும் பேச்சு. சாப்பிடப் போகும் கட்டம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கட்டம் என்று மற்ற இரண்டையும் இதே தொக்கொரோவை வைத்தே சொல்லலாம், வினையின் வடிவம் மட்டும் மாறும்.

பக்கரி கடிகாரம் பார்க்காது, மனசைப் பார்க்கும். "இப்பத்தான் போன மாசம் வாங்கின போன், அதுக்குள்ள போச்சு" என்று புலம்புகிறோம். போன மாதம் எப்படி 'இப்ப' ஆகும்? சொல்பவருக்கு ஆகும். கல்யாணமாகி மூன்று வருடமானவரும் தனக்கு அது சமீபம் என்று தோன்றினால் பக்கரி போடலாம். அங்கே தொக்கொரோ போட்டால் தப்பு. 'வாங்கிப் பழகாத வண்டி' என்கிற மாதிரி ஒரு பெயருக்கு முன்னால் அடையாக வைக்கவும் பக்கரிதான் வரும், நடுவில் 'நோ' சேர்த்து.

இதில் ரசமான சங்கதி ஒன்று. பக்கரிக்கு 'மட்டும்', 'அதுவே' என்ற பொருளும் உண்டு. நம் 'இப்பத்தான்' என்பதில் உள்ள 'தான்' என்ன? 'நீதான் வரணும்' என்பதில் வருகிற அதே தான். ஆங்கில ஜஸ்ட்டுக்கும் இந்த இரட்டைப் பொருள் உண்டே என்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடக் கல்யாணத்துக்கு அந்த ஜஸ்ட் சுலபமாக நீளாது. நம் 'இப்பத்தான்' சிரமமே இல்லாமல் நீளும். தொக்கொரோ வரும் இடத்திலும் நாம் 'இப்பத்தான்' சொல்வதுண்டு, ஆகவே தமிழ் தெரிந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வித்தியாசத்தைத் தமிழில் பத்து நிமிடத்தில் புரியவைக்கலாம். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் தடை!

வேலைக்குப் போகிற இடத்தில் இதற்கு என்ன அவசியம் என்று கேட்காதீர்கள். "பெரியவர் மருந்து குடித்த பக்கரி" என்று ஒருவர் சொன்னால் அது ஐந்து நிமிடமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம். எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்கத் தெரிய வேண்டும். நோட்டில் ஜஸ்ட் என்று எழுதிய பிள்ளை கேட்குமா?

இன்னொரு கூத்து, 'தெ இரு'. இது ஆங்கிலத்தின் 'இங்' என்று சொல்லித்தருகிறார்கள். பல வினைகளுக்குச் சரி. ஆனால் 'கித்தெ இரு' என்றால் வந்துகொண்டிருக்கிறார் இல்லை, வந்திருக்கிறார். 'ஷிந்தெ இரு' என்றால் செத்துக்கொண்டிருக்கிறது இல்லை, செத்துக் கிடக்கிறது! வந்து + இரு என்று பிரித்துக் காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். 'தபெத்தெ' நம் வினையெச்சம் 'தின்று'. 'தபெத்த' ஒரு பெயருக்கு முன்னால் நின்றால் நம் பெயரெச்சம் 'தின்ற'. ஒரு உயிரெழுத்து மாறி 'தபெத்தெ பக்கரி இரு' என்று ஆனால், எந்நேரமும் தின்றுகொண்டே இருக்கிறான் என்று ஆள்மேல் புகார். 'தபெத்தெ ஷிமத்த' நம் 'சாப்பிட்டுவிட்டேன்'. பேச்சில் அது 'தபெச்சத்த' என்று சுருங்கும், நாம் 'சாப்பிட்டுட்டேன்' என்று சுருக்குகிற மாதிரியே.

உடனே சிலர் 'தமிழிலிருந்து பிறந்ததே ஜப்பானியம்' என்று பகிரத் தொடங்குவீர்கள். வேண்டாம். ஓனோ சுசுமு இரண்டுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனக்கு அந்த வழக்கில் அக்கறையில்லை. வினை கடைசியில் வருகிறது, எச்சம் இருக்கிறது, துணைவினை இருக்கிறது. சொல்லித்தர அது போதும்.

பயிற்சி நிலையத்தார் சொல்லும் காரணம், தமிழ் கலந்தால் ஜப்பானியக் காது வளராதாம். அப்படியானால் முழுக்க ஜப்பானியத்திலேயே நடத்துங்கள், கைதட்டுகிறேன். ஆங்கிலம் கலந்தால் மட்டும் வளர்ந்துவிடுமா அந்தக் காது?

பெற்றோர்களே, பணம் கட்டுமுன் ஆசிரியரிடம் பக்கரிக்கும் தொக்கொரோவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். ஜஸ்ட் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டிசம்பர் தேர்வு எழுதும் பிள்ளைகள் சந்தேகங்களைக் கீழே போடுங்கள். தமிழில் போடுங்கள்.