கீட்டோசிஸ்: சொல்லாமல் விட்ட பாதி

கல்லூரி விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுதில் நம் துறை அறைக்கு வந்து நின்றார். சிறுவயது முதல் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். முந்தைய இரவிலிருந்து வாந்தி, நா உலர்ந்திருந்தது, மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் வந்துகொண்டிருந்தது. சோற்றைத் தவிர்த்துவிட்டதால் ஊசி தேவையில்லை என்று இரண்டு நாட்களாக நிறுத்தியிருந்தாராம். சிறுநீர்ச் சோதனைப் பட்டையில் கீட்டோன் தென்பட்டதாகச் சொல்லி, “கீட்டோசிஸ் வந்துவிட்டது ஐயா, அது நல்லதுதானே? தமிழில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்” என்றார். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். தீவிர சிகிச்சைக்குப் பின் பிழைத்தார். அவர் படித்த கட்டுரையை நாமும் பிறகு தேடிப் படித்தோம். அதில் பொய் ஏதுமில்லை. பாதியைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவே.

நாம் உண்ணும் சோறும் இட்லியும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை உயிரணுக்களுக்குள் செல்ல வழிசெய்வது இன்சுலின். உண்ணாதபோது கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையைத் தருகிறது; அச்சேமிப்பு ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். பின்னர் உடற்கொழுப்பு கரைகிறது. மூளையால் கொழுப்பை நேரடியாக எரிபொருளாகக் கொள்ள இயலாததால், கல்லீரல் அதைக் கீட்டோன்களாக மாற்றி அனுப்புகிறது. மாவுப்பொருளை வெகுவாகக் குறைத்து உண்பவர்களுக்கும் இதுவே நிகழ்கிறது. இந்நிலைக்குப் பெயர்தான் கீட்டோசிஸ். இது நோயன்று, பசிக்காலத்தில் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. உணவுக் கட்டுப்பாட்டால் இந்நிலை எய்துவோரின் இரத்தத்தில் கீட்டோன் பொதுவாக லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை இருக்கும். சிறிதளவேனும் சுரக்கும் இன்சுலின், அதை அதற்குமேல் பெருகவிடாமல் தடுக்கிறது.

இன்சுலின் அறவே இல்லாதவர்க்கு அத்தடுப்பு இல்லை. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் உயிரணுக்கள் பட்டினி கிடக்கின்றன, கொழுப்பு கட்டின்றிக் கரைகிறது, கீட்டோன்கள் பெருகுகின்றன. அவற்றுள் முதன்மையானவை அமிலங்கள். இயல்பாக 7.35க்கும் 7.45க்கும் இடையே இருக்கவேண்டிய இரத்தத்தின் பிஎச் அளவு 7.3க்கும் கீழே சரிகிறது. மிகுந்த சர்க்கரையோ உடலின் நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிறது. அமிலத்தை வெளியேற்ற உடல் படும்பாடே அந்த ஆழ்ந்த மூச்சு. ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் குஸ்மால் 1874இல் விவரித்தது அதைத்தான். இந்நிலையின் பெயர் கீட்டோஅசிடோசிஸ். சில மணி நேரத் தாமதமும் உயிரைப் பறிக்கலாம்.

இவ்விரு நிலைகளின் வரலாறும் ஒரே ஆண்டில் திரும்பியது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோய்க்குக் கீட்டோன் உணவுமுறையை முன்மொழிந்தார். அதே ஆண்டில் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலின் ஆய்வில் வெற்றி கண்டனர். 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்ப்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. முன்னது கீட்டோனை மருந்தாக்கியது. பின்னது கீட்டோனிலிருந்து உயிர்களை மீட்டது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்வது அரைகுறை அறிவு.

2010களில் பேலியோ உணவுமுறை தமிழரிடையே பரவியபோது கீட்டோசிஸ் என்ற சொல்லும் உடன்வந்தது. அச்சொல்லைத் தமிழாக்கியே தீரவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் ஆங்கிலம் அறியாதவர் காதில் கீட்டோசிஸும் கீட்டோஅசிடோசிஸும் ஒன்றாகவே விழுகின்றன. ‘கீட்டோன் நிலை’ என்றும் ‘கீட்டோன் அமிலத்தேக்கம்’ என்றும் பிரித்து எழுதினால் பள்ளி மாணவருக்கும் வேறுபாடு விளங்கும். தமிழ் படித்தோர் மருத்துவத்துக்குச் செய்யக்கூடிய சிறு உதவி இதுவென்று கருதுகிறோம்.

சொல்லைப் பிரித்தால் மட்டும் போதாது. டாபாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகளை உட்கொள்வோர்க்குச் சர்க்கரை பெரிதும் உயராமலேயே அமிலத்தேக்கம் நேரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் எச்சரித்தது. ஆகவே கீட்டோசிஸைப் போற்றி எழுதும் எவரும் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்தே எழுதவேண்டும்: இன்சுலின் போட்டுக்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்தலாகாது. நீரிழிவுள்ளவருக்கு வாந்தியும் ஆழ்ந்த மூச்சும் கண்டால், சர்க்கரை அளவு எதுவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

அந்த இரண்டு வாக்கியங்கள் இருந்திருந்தால் நம் மாணவர் துறை அறைக்கு வந்து அக்கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்.