பொத்தானை அமுக்கினால் போதுமா?

காட்டில் மைக்கை வைத்துப் பொத்தானை அமுக்குவதெல்லாம் இசையா என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் எத்தனை பேர் ஒரு பதிவையாவது முழுசாகக் கேட்டார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

ஒலிக் கலைஞர் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1989இல் செய்த ‘கிட்ஸ் பீச் சவுண்ட்வாக்’ என்ற படைப்பை எடுத்துக்கொள்வோம். வான்கூவர் கடற்கரை. பாறையில் ஒட்டி வாழும் சிற்றுயிர்கள் இரை தேடும் மெல்லிய ‘க்ளிக்’ ஓசை. பின்னால் நகரத்தின் இரைச்சல். அவர் பேசிக்கொண்டே நகரத்தின் ஒலியைக் கூட்டுகிறார், குறைக்கிறார், ஃபில்டர் போட்டு அடியோடு நீக்கியும் காட்டுகிறார். இயற்கை ஒலி என்று நாம் நம்புவது ஸ்டுடியோவில் எப்படித் தயாராகிறது என்பதை நம் காதுக்கு முன்னாலேயே போட்டு உடைக்கிறார். பொத்தானை அமுக்கியவர் செய்கிற வேலையா இது?

ஒலிப்பதிவாளர் கிறிஸ் வாட்சனின் ‘வெதர் ரிப்போர்ட்’ (2003) ஆல்பம் இன்னொரு பதில். அதன் ஒரு பகுதியில் கென்யாவின் மசாய் மாராவில் 14 மணி நேரம் நடந்ததை 18 நிமிடமாகச் சுருக்கியிருக்கிறார். எதை வெட்டுவது, எதன்மேல் எதை ஏற்றுவது, மழையை எங்கே விடுவது? இதைத் தீர்மானிப்பவருக்கு இசையமைப்பாளர் என்ற பெயரைத் தர என்ன தயக்கம்?

தூக்கத்துக்கென்று மணிக்கணக்கில் ஓடும் ‘மழைச் சத்தம்’ வகையறாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதை வைத்து இவர்களை அளப்பது நியாயமில்லை, அவ்வளவுதான்.

வெஸ்டர்காம்பின் படைப்பு பத்து நிமிடம்கூட இல்லை. ஹெட்ஃபோன் மாட்டி ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு சண்டை போடுவோம்.